செல்லோவுக்குள் கண்டி மேளம்

1995 ஜூன் 26. ஆம்ஸ்டர்டாமில் நான்கு ஹெலிகாப்டர்கள் மேலே கிளம்பின. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று ஆளுக்கொரு ஹெலிகாப்டரில் உட்கார்ந்து வாசித்தார்கள். கீழே அரங்கில் இருந்தவர்களுக்கு வாசிப்பும் விசிறி இரைச்சலும் கலந்து ஒலிபெருக்கியில் வந்தன. ஜெர்மனியின் ஸ்டாக்ஹவுசன் இயற்றிய உருப்படி இது. இசையா, வித்தையா என்று கேட்டால் வித்தை என்றுதான் நான் சொல்வேன். அன்று செல்லோவோடு பறந்தவர் நம் பக்கத்து வீட்டுக்காரர். ரோஹன் டி சேரம்.

இலங்கைப் பெற்றோருக்கு 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே இத்தாலிக்குப் போய் கஸ்பார் கசாடோவிடம் சேர்ந்தார். பிறகு செல்லோ உலகின் பிதாமகர் பாப்லோ கசல்ஸிடமும் பாடம். 1960இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் கார்னகி ஹாலில் தனி வாசிப்பு. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் பேரும் பணமும் தானாக வந்திருக்கும்.

அவரோ 1970களின் கடைசியில் அர்டிட்டி நால்வர் குழுவில் சேர்ந்து, 2005 வரை அங்கேயே இருந்தார். மை காயாத புது உருப்படிகளை வாசிப்பதே அந்தக் குழுவின் வேலை. தெரிந்த கீர்த்தனைக்குத் தலையாட்டும் சபை அங்கே கிடையாது. கிரேக்கரான செனாகிஸ் போன்றவர்கள் எழுதித் தந்த குறிப்புகள், கை விரலுக்கு எட்டுமா என்றே சந்தேகம் தருபவை. ரோஹனின் உடன்பிறந்த துருவி பியானோ கலைஞர். அவரோடும் சேர்ந்து வாசித்தார்.

இத்தனைக்கும் நடுவே கண்டி மேளமான 'கெட்ட பெரய'வை அவர் விடவில்லை. அதை முறையாகக் கற்றவர். இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோவின் காதில் அது விழுந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி உருப்படியாக 1958 முதல் அவர் எழுதிவந்த 'சீக்வென்சா' வரிசையில் பதினான்காவது, 2002இல் ரோஹனுக்காகவே பிறந்தது. அதில் சில இடங்களில் வில்லை ஒதுக்கிவிட்டு, செல்லோவின் மரவுடம்பைக் கையால் தட்டி மேளமாக்க வேண்டும். அடுத்த ஆண்டே பெரியோ மறைந்தார். வரிசையும் அதோடு நின்றது. ரோஹன் 2024 செப்டம்பரில், 85 வயதில் காலமானார்.

குரும்பலூர்க் கோவில் வாசலில் தவில் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பதினான்காவது சீக்வென்சாவை ஒருமுறை தேடிக் கேளுங்கள். முதலில் கரகரவென்றுதான் இருக்கும். தட்டும் இடங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்.