பெரிபெரி: திருமலைத் துறைமுகமும் மருத்துவ நூலடைவும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் கோணேசர் கோயிலையும், பிரெட்றிக் கோட்டையையும், அங்கு நங்கூரமிட்ட கடற்படைகளையும் பற்றி எழுதுவர். அத்துறைமுகம் மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்றது என்பதைக் குறிப்பிடுவோர் மிகச் சிலர்.

1795 ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டில்தான் ஆங்கிலக் கடற்படைத் தலைமை, ஸ்கர்வி நோயைத் தடுக்கக் கப்பலோட்டிகளுக்கு எலுமிச்சஞ்சாறு வழங்க இணங்கியது. கடலோடிகளின் பெரும்பகையை வென்றுவிட்டோம் என்று வைத்தியர்கள் நம்பிய அந்த நாட்களில், திருகோணமலையில் நிலைகொண்ட படையினரை வேறொரு நோய் தாக்கிற்று. கால்கள் மரத்துப்போயின, உடல் வீங்கிற்று, மூச்சு முட்டிற்று. கடுமையாகத் தாக்குண்டவர்கள் சில நாட்களிலேயே மாண்டனர். அந்நோயின் பெயர் பெரிபெரி. 'பலவீனம், பலவீனம்' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். ஆயினும் 1642இல் அச்சேறிய தமது நூலில் பத்தேவியாவின் ஒல்லாந்த வைத்தியர் பொந்தியஸ், நோயாளி ஆட்டைப்போல் நடப்பதால் அப்பெயர் வந்தது என்றார். பெயரிலேயே வழக்கு ஆரம்பமாகிவிட்டது!

இலங்கைப் படை மருத்துவமனைகளுக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்டி என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், ஸ்கர்விக்குப் பயன்பட்ட புளிப்புப் பழச்சாற்றை இந்நோய்க்கும் கொடுத்துப் பார்த்தார். பயன் கிட்டவில்லை. உணவிலுள்ள குறையே காரணம் என்ற எண்ணத்தை அவர் அதனால் கைவிடவில்லை. இரண்டு நோய்களுக்குமிடையே ஏதோ நுண்ணிய இரசாயன வேறுபாடு இருக்கவேண்டும் என ஊகித்தார். உயிர்ச்சத்து என்ற சொல்லே பிறவாத காலம் அது. அவருடைய குறிப்பு, லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பலோட்டிகளின் நோய்களைப் பற்றி வில்லியம் ஹன்டர் எழுதி 1804இல் கல்கத்தாவில் வெளியான நூலில் இடம்பெற்றது.

பின்னர் நடந்தவற்றை வாசகர்கள் அறிவர். 1880களில் தகாகி ஜப்பானியக் கடற்படையின் உணவை மாற்றினார். 1890களில் ஐக்மன் ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளைக் கண்டு ஆராய்ந்தார். 1926இல் ஜான்சனும் டொனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். இன்று அதை தயமின் என்கிறோம். கிறிஸ்டியின் ஊகத்திற்கும் தவிட்டுப் பளிங்கிற்கும் இடையே 122 ஆண்டுகள்.

நல்லதொரு நூலடைவு இருந்திருந்தால் அந்த இடைவெளி சுருங்கியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. அதற்கு வேண்டிய இரசாயன அறிவு அன்று இல்லை. ஆயினும் பெயர்க்குழப்பம் வைத்தியர்களின் காலத்தை நிறையவே தின்றது என்பதில் ஐயமில்லை. பெரிபெரியும், 'பார்பியர்' என்று சிலர் எழுதிய வாதநோயும் ஒன்றா, இரண்டா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1835இல் சென்னையில் மல்கம்சன் பெரிபெரியைப் பற்றித் தனிநூலே எழுதியபோது, முன்னோர் எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கவேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்க்கவே அமெரிக்க இராணுவ வைத்தியர் ஜோன் ஷோ பில்லிங்ஸ் 1879இல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மாதாந்த அடைவை ஆரம்பித்தார். 1960இல் 'மெஷ்' என்ற கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியல் வந்தது. ஆசிரியர் எந்தப் பெயரைக் கையாண்டாலும் அடைவாளர் ஒரே தலைப்பின்கீழ் அதைச் சேர்ப்பார் என்பதே அதன் அடிப்படை. அப்பட்டியலில் பெரிபெரி, தயமின் குறைபாடு என்ற பெருந்தலைப்பின்கீழ் வருகிறது; வெர்னிக்கே மூளைநோயும் அதனருகே நிற்கிறது. பெருந்தலைப்பைத் தேடினால் கிளைகளும் சேர்ந்தே கிடைக்கும்.

கணினி வந்ததும் குறை தீர்ந்ததா? 1966, 1967ஆம் ஆண்டுகளில் லங்காஸ்டர் என்பவர் 'மெட்லர்ஸ்' கணினி அடைவில் ஏறத்தாழ 300 தேடல்களை அளந்து பார்த்தார். கிடைத்த கட்டுரைகளில் சரிபாதியே கேட்டதற்குப் பொருத்தமானவை. கிடைத்திருக்கவேண்டியவற்றிலோ நூற்றுக்கு 58 மட்டுமே கைக்கு வந்தன. முன்னையது துல்லியம், பின்னையது நிறைவு. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பது இத்துறையினர் கண்ட அனுபவம். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் குப்பையும் வரும், பெரிதாக்கினால் மீனும் போகும் என்று திருமலை மீனவர் எவரும் சொல்லிவிடுவார்.

இன்றைய பப்மெட்டில் 'திருகோணமலை' என்று வெறுமனே இட்டுத் தேடிப் பாருங்கள். அவ்வூர் மருத்துவமனையிலோ வளாகத்திலோ பணிபுரிபவர் எழுதிய கட்டுரை, எதைப் பற்றியதாயினும், ஆசிரியர் முகவரியில் ஊர்ப்பெயர் இருப்பதனாலேயே வந்து நிற்கும். தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுமாறு கட்டளையிட்டால் இது பெரும்பாலும் நீங்கும். மெஷ் தலைப்புகளில் இவ்வூர் இல்லை, நாடே உண்டு. ஆகவே திருகோணமலை 'இலங்கை'க்குள் கரைந்துவிடுகிறது. நோயின் பெயரைத் தலைப்பாகவும், ஊரின் பெயரைச் சாதாரணச் சொல்லாகவும் இட்டு இணைப்பதே நான் கண்ட சிறந்த வழி.

தலைப்பை மட்டும் நம்புவதிலும் ஆபத்துண்டு. நேற்று வெளியான கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் சூட்டப்படாதிருக்கலாம். 2022 முதல் அப்பணியை இயந்திரமே பெரும்பாலும் செய்வதால் தாமதம் குறைந்துள்ளது; இயந்திரம் தவறாகச் சூட்டுவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எடின்பரோ மருத்துவ இதழ்கள் படியெடுக்கப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றுக்கோ மெஷ் தலைப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை. 'பெரிபெரி' என்ற மெஷ் தலைப்பிட்டுத் தேடுபவருக்கு அவை எதிர்ப்படுவதேயில்லை.

இரவுப் பணியில், மூச்சுத் திணறும் நோயாளியை அருகே வைத்துக்கொண்டு தேடும் இளம் வைத்தியருக்குத் துல்லியமே வேண்டும். ஆயிரம் கட்டுரைகள் அவருக்கு உதவா; தயமின் ஊசியால் சில மணி நேரத்தில் மீளக்கூடிய உயிர் அது. வரலாறு எழுதுபவருக்கு நேர்மாறாக நிறைவு வேண்டும். அவர் மெஷ் தலைப்பை விட்டுவிட்டு, பெரிபெரியை இடையில் கோடிட்டும் இடாமலும், ரகரத்தை இரட்டித்தும், திருகோணமலையை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எழுதிய அத்தனை விதங்களிலும், இலங்கையை 1972க்கு முந்திய 'சிலோன்' என்ற பெயரிலும் இட்டுத் தேடவேண்டும். 'பார்பியர்' என்ற சொல்லையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளவேண்டும்.