கர்லாக்கட்டையும் கோல்ப் ஆட்டமும்

ஜெலாப்பாங்கை அடுத்த மேரு பள்ளத்தாக்கிலே கோல்ப் திடல் ஒன்று இருக்கிறது. அவ்வாட்டத்துக்கு உடலைப் பதப்படுத்த வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி யாது என்பார்க்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. அது நம் கர்லாக்கட்டையே.

தமிழகத்து உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டால், பஸ்கி ஆகியவற்றோடு கட்டை சுழற்றலும் நெடுங்காலம் பயிலப்பட்டது. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் அதனைக் கண்டு கற்றனர். 1834-இல் டொனால்ட் வாக்கர் இலண்டனில் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது. பின்னர் அமெரிக்காவிலும் பரவி, 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் போட்டியாகவும் நடைபெற்றது.

கோல்ப் வீச்சின் விசை கையில் மட்டும் பிறப்பதன்று. கால் ஊன்ற, இடுப்பும் முதுகும் திரும்ப, தோள் வழியே மணிக்கட்டை அடைவது. கட்டை சுழற்றலும் இவ்வுறுப்புகளையே பழக்குகிறது. கோல்ப் ஆடுவோர் ஒருபுறமாகவே வீசுவர். கட்டையோ இருபுறமும் சுழன்று இரு தோள்களையும் ஒப்பப் பழக்கும். இலேசான கட்டையில் தொடங்கி, மெல்லச் சுழற்றிப் பழகுதல் நன்று.

ஆங்கிலேயர் இதற்கு ‘இந்தியக் கட்டை’ என்றே பெயரிட்டனர், பிறப்பிடத்தை மறைத்தாரில்லர். மறந்தவர் நாமே. நம் மாணவர் கையில் அதை மீண்டும் கொடுப்பது ஆசிரியர் கடன்.