தாழ்ந்த கதவு: குடுமியும் கீலும்

காவிரிப் படுகையின் பழைய ஓட்டு வீடுகளில் வாசற்கதவு கீலில் ஆடவில்லை, குடுமியில் சுழன்றது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிச் செதுக்கிய குடுமி என்னும் முளைகள் நிலையின் குழிகளில் பொருந்தும். எடை முழுவதும் கீழ்க்குடுமியில் இறங்குவதால், அது தேயத் தேயக் கதவு தாழ்ந்து வாசற்படியில் உரசும். தச்சர் கதவைத் தூக்கிக் கழற்றி, குழியில் இரும்புத் துண்டு வைத்துத் தேய்ந்த உயரத்தை ஈடுகட்டுவார். எளிய வேலைதான், ஆனால் அடிப்படை அறிந்த வேலை.

அம்பாசடர் காரோடு அதே கோளாறு பட்டறைக்கு வந்தது. 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை, பெரும்பாலும் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான இந்தக் கார், தஞ்சாவூர், கும்பகோணம் டாக்சி ஸ்டாண்டுகளில் நெடுங்காலம் ஓடியது. கல்யாணம், கோயில் என்று ஓயாமல் திறந்து மூடிய கனத்த கதவில் கீலின் பின் (pin) தேய்ந்துவிடும். டிங்கர் கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். கீலுக்குள் ஆட்டம் இருந்தால் பின்னை மாற்றுவார். கீலே அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கதவுக்கடியில் கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, சுற்றிலும் இடைவெளி சமமாகும்வரை உயர்த்திய பிறகே போல்டை முறுக்குவார். காரின் கதவுத் தூணில் உள்ள லாக் கொக்கியைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதை முதலில் இறக்கினால் கதவு மூடும். ஆனால் தேய்மானம் உள்ளே தொடரும்.