அலபாமாவின் சட்டமா அதிபர் தேர்தல், 1954

ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிற் சட்டமா அதிபரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்வர். அலபாமா மாநிலத்தின் பீனிக்ஸ் சிற்றியிற் கோலோச்சிய சூதாட்டக் கும்பல்களை ஒழிப்பதாகக் கூறி, இப்பதவிக்கான ஜனநாயகக் கட்சி நியமனத்தை வென்ற அல்பேட் பற்றர்சன், 1954 யூன் 18இற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரிடத்தில் நிறுத்தப்பட்ட மகன் ஜோன் பற்றர்சன் வெற்றிபெற்றார்.

தந்தையின் குருதியால் நீதியின் சின்னமாகிய இம்மகனே, 1956இற் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. அம்மாநிலத்தில் இயங்காவாறு நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றார். அங்கத்தவர் பட்டியலை ஒப்படைக்குமாறு சங்கத்துக்கு இடப்பட்ட கட்டளையை 1958இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தள்ளிவைத்தது.

இம்முரணுக்குக் காரணம் தேடின், அன்று அலபாமாவின் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிற் சேர்க்கப்படாதிருந்தமை புலனாகும். வாக்கினாற் பிறந்த பதவி, வாக்கற்றோரை மறந்தது.