அட்டவணை அழிந்த பின்னும்: ஃபார்மெட் ஆன ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்கும் முறைகளின் வரலாறு

கணினி பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் அன்றாடம் நடக்கும் வேலை ‘ஓ.எஸ். போடுவது’. சேலம் மாவட்டத்து ஓமலூர் கடைவீதியும் இதற்கு விலக்கில்லை. வைரஸ் ஏறிய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பழைய பார்ட்டிஷன்கள் நீக்கப்பட்டு, டிஸ்க் ஃபார்மெட் ஆகி, புது விண்டோஸ் ஏறுகிறது. “டி டிரைவ்ல இருந்த கல்யாண போட்டோ எல்லாம் எங்கண்ணா?” என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தக் கேள்விக்கு 1991இல் ஒரு பதில் இருந்தது, 2005இல் வேறொரு பதில், இன்று இன்னொரு பதில். ஃபார்மெட் என்ற கட்டளை பெயர் மாறாமல் இருந்தாலும், அது அழிப்பதும் விட்டுவைப்பதும் காலந்தோறும் மாறியிருக்கின்றன. மீட்புக் கலை அந்த மிச்சத்தை நம்பியே வளர்ந்தது. அந்த மிச்சம் இப்போது வேகமாகக் குறைந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் ஃபேட் என்னும் கோப்பு முறையில். மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் 1977இல் உருவாக்கிய இந்த முறையை 1981இல் வந்த எம்.எஸ்.-டாஸ் எடுத்துக்கொண்டது. கோப்பின் பெயர், அளவு, தொடங்கும் இடம் ஆகியவை ஒரு பட்டியலில் இருக்கும். அடுத்தடுத்த துண்டுகள் எங்கே கிடக்கின்றன என்ற சங்கிலி ஃபேட் அட்டவணையில் இருக்கும். கோப்பை அழித்தால் டாஸ் செய்தது சொற்பம்தான்: பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண்ணை எழுதிவிட்டு, சங்கிலியைக் காலியாக்கும். கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடவே தொடாது. அடங்கல் ஏடு எரிந்தாலும் நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்பதுபோல.

பீட்டர் நார்ட்டன் 1982இல் வெளியிட்ட நார்ட்டன் யுடிலிட்டீஸ் இந்த இடைவெளியைப் பயன்படுத்தியே புகழ்பெற்றது. 1991இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 5.0, சென்ட்ரல் பாயிண்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, அன்டெலீட், அன்ஃபார்மெட் என்ற இரு கட்டளைகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அழித்த கோப்பை மீட்கும்போது அன்டெலீட் பயனரிடம் ஒன்றைக் கேட்கும்: இந்தக் கோப்புப் பெயரின் முதல் எழுத்து என்ன? இயந்திரம் தொலைத்த ஒரே எழுத்தை மனிதர் நினைவிலிருந்து தட்டித் தர வேண்டும். பிளாப்பியில் நிலைமை வேறு. அங்கே முழு ஃபார்மெட் ஒவ்வொரு பைட்டிலும் 246 என்ற எண்ணை நிரப்பியது. அதற்குப் பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது.

1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்து, 2001இன் எக்ஸ்.பி. வழியாக வீடுகளுக்குள் நுழைந்த என்.டி.எஃப்.எஸ். மீட்பவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தனிப் பதிவு. அந்தப் பதிவின் தலையிலேயே ஓர் அடையாளக் குறி. குயிக் ஃபார்மெட் புது அட்டவணையின் முதல் சில பதிவுகளை மட்டுமே பழையதன்மேல் எழுதுகிறது. எஞ்சிய பழைய பதிவுகளை அந்தக் குறியைக்கொண்டு டிஸ்க் முழுக்கத் தேடினால் ஃபோல்டர்கள் பெயரோடும் தேதியோடும் திரும்பக் கிடைக்கும். பார்ட்டிஷனை மட்டும் நீக்கியிருந்தால் வேலை இன்னும் எளிது. பழைய முறையில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரமும் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் வெறும் 64 பைட்டில் அடங்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள், டிஸ்கைத் துழாவி அந்த 64 பைட்டைத் திரும்ப எழுதித் தருகிறது.

அட்டவணையே இல்லாதபோது? அப்போது கோப்பின் முகத்தை வைத்தே அதை அடையாளம் காண வேண்டும். ஜேபெக் படம் எப்போதும் 255, 216 என்ற இரு எண்களோடு தொடங்கும். இப்படித் தலையைக் கண்டு உடலை வெட்டியெடுக்கும் முறையில் ஃபோர்மோஸ்ட் என்ற கருவியை அமெரிக்க விமானப்படையின் புலனாய்வுப் பிரிவில் ஜெஸ்ஸி கோர்ன்பிளமும் கிரிஸ் கெண்டாலும் உருவாக்கினர். கிரெனியேயின் போட்டோரெக் அதே வழியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. இதில் கோப்பின் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். துண்டுதுண்டாகச் சிதறிய கோப்புகள் அரைகுறையாகத்தான் வரும். 300க்கும் மேற்பட்ட பழைய டிஸ்குகளை ஆராய்ந்து சிம்சன் கார்ஃபிங்கெல் 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஜேபெக் படங்களில் 16 சதவீதமும், அவுட்லுக் மின்னஞ்சல் பெட்டகங்களில் 58 சதவீதமும் சிதறிக் கிடந்தன. கொலம்பியா விண்கலம் 2003இல் சிதறியபோது நிலத்தில் விழுந்த ஒரு டிஸ்கிலிருந்து சுமார் 99 சதவீதத் தரவு மீண்டதற்கும் இதே காரணம் ஒரு பங்கு: அதில் ஓடிய டாஸ், கோப்புகளைச் சிதறவிடாமல் ஒரே பகுதியில் எழுதியிருந்தது.

இந்த வரலாறு ஓமலூர் வட்டாரத்துக்குள் பெருமளவில் வந்தது 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தோடு என்று கருதுகிறேன். பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. ஓ.எஸ். மாற்றும்போது லினக்ஸ் பகுதியைப் பலரும் பயனற்ற இடமாக நினைத்து அழித்தார்கள். அதற்குள் மாணவர் எதையாவது சேமித்திருந்தால் அதுவும் சேர்ந்தே போனது. கல்யாண போட்டோ ஸ்டுடியோக்களின் இழப்பு வேறு வகை. படங்கள் பெயரில்லாமல் வந்தாலும் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். ஜவ்வரிசி ஆலையின் டேலி கணக்கு அப்படியல்ல. எண்ணிட்ட ஒரு ஃபோல்டருக்குள் பல கோப்புகளாக, ஒன்றையொன்று சார்ந்து கிடப்பது அது. ஃபோல்டர் அமைப்பு போய்விட்டால், வெட்டியெடுத்த துண்டுகளால் ஆண்டுக் கணக்கைத் திரும்ப எழுப்ப முடியாது.

இதைவிடக் கவனிக்கப்படாத இழப்பு ஒன்று தமிழுக்கே உரியது. ஓமலூருக்குப் பக்கத்தில் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கியது. அக்காலத்துத் தமிழ்த் தட்டச்சு ஒருங்குறியில் இல்லை. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு. 1999இல் அரசு டேப், டேம் என்ற தரங்களைப் பரிந்துரைத்தது. 2010இல்தான் ஒருங்குறியை அரசுத் தரமாக ஏற்றது. அக்காலத்து ஆய்வேடு ஒன்றைப் பழைய டிஸ்கிலிருந்து மீட்டால், பைட்டுகள் ஒன்றுவிடாமல் வந்திருந்தும் திரையில் தெரிவது ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பை. உடையவரே அதைக் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறார். வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயராவது இருக்கும். வெறும் உரைக் கோப்பில் அதுவும் இருக்காது. பெயரிழந்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் தன்னுடையதைத் தேட ஒருங்குறியில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டினால் ஒன்றும் அகப்படாது. அந்தச் சொல் பாமினியில் எந்த எழுத்துகளாக இருக்குமோ அந்த எழுத்துகளையே தேட வேண்டும், பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி தேவை. மீட்பு பற்றிய ஆங்கில நூல்கள் இந்தப் படியை அறியா. தமிழ்க் கணிமை ஆய்வில் இது தனி இடம் பெற வேண்டும்.

ஃபார்மெட் விட்டுவைக்கும் மிச்சத்தின் குறுகல் 2007இல் தொடங்கியது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மெட் டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதுகிறது. குயிக் ஃபார்மெட் மட்டுமே பழைய மாதிரி. 2009இல் விண்டோஸ் 7, எஸ்.எஸ்.டி.க்கான டிரிம் கட்டளையைக் கொண்டுவந்தது. ஃபார்மெட் ஆனதும் ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று டிஸ்குக்கே சொல்லப்படுகிறது. அதன்பின் படித்தால் பெரும்பாலும் சுழியமே வரும். வெளியே செருகும் சில புதிய ஹார்ட் டிஸ்குகளும் இப்போது டிரிமை ஏற்கின்றன. சுழலும் தட்டு என்பதால் மட்டும் நம்பிக்கை வைக்க முடியாது. 2024இன் விண்டோஸ் 11 பதிப்பு, புதிதாக நிறுவும் கணினிகள் பலவற்றில் டிஸ்கைத் தானாகவே மறையாக்கம் செய்கிறது. அப்படிப்பட்ட டிஸ்கில் மீட்புச் சாவி இல்லாவிட்டால், மிஞ்சிய பைட்டுகளும் பயன்படா.

இழப்பவருக்கு நல்லதாக இருந்த அதே மிச்சம், பழைய டிஸ்கை விற்றவருக்குக் கேடாகவும் இருந்தது. கார்ஃபிங்கெலும் அபி ஷேலட்டும் 158 பழைய டிஸ்குகளை வாங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வில், வேலைசெய்த 129இல் 12 மட்டுமே சரியாகத் துடைக்கப்பட்டிருந்தன. ஆகவே இந்தக் குறுகலை வெறும் தீமை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் நகல் எடுக்கும் பழக்கம் வேரூன்றாத ஊர்களில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் மாணவர்களும் சிறு தொழில் செய்பவர்களும்தான்.

டிஸ்க் தவறி ஃபார்மெட் ஆகிவிட்டால் உடனே கணினியை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவாதீர்கள். டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் வேறொரு டிஸ்குக்கு முழு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் தேடுங்கள். ஓ.எஸ். போடக் கொடுக்கும்போது எந்த டிரைவில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர்களும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று வாடிக்கையாளருக்குக் காட்டிய பிறகே ஃபார்மெட் கொடுக்க வேண்டும்.