பாசல் ஆசிரியரின் நான்கு பின்னங்கள்

ஐதரசனின் சிவப்புக் கோட்டின் அலைநீளத்தைக் கொடுத்தால், உயர்தர வகுப்பு மாணவர் அதற்குரிய போட்டனின் சக்தியை ஒரே வரியில் கணித்துவிடுவார். 1240 என்ற எண்ணை நனோமீற்றரிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். விடை இலத்திரன்வோல்ற்றில் கிடைக்கும். 656.3 நனோமீற்றருக்கு 1.89. இந்த எளிய வகுத்தலுக்குப் பின்னால், தாம் கண்டது சக்தியின் கணக்கு என்பதை அறியாமலே மறைந்த ஒரு பாடசாலை ஆசிரியர் இருக்கிறார்.

சுவீடனைச் சேர்ந்த அங்ஸ்ரொம் ஐதரசனின் கண்ணுக்குத் தெரியும் நான்கு கோடுகளையும் அளந்து 1868 இல் வெளியிட்டார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் அலகில் அவை 6562.10, 4860.74, 4340.1, 4101.2 ஆகும். வீணையின் தந்தியில் எழும் சுரங்களைப் போல இவையும் ஓர் அடிப்படை அதிர்வின் மடங்குகளாக இருக்கலாமென அறிஞர் சிலர் எண்ணினர். அது பொய்த்தது.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் கற்பித்தவர் யோகான் பாமர். பௌதிகவியலாளர் அல்லர், எண்களின் ஒழுங்கில் மோகம் கொண்டவர். 3645.6 என்ற எண்ணை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகிய பின்னங்களால் பெருக்கினால் அந்த நான்கு அலைநீளங்களும் வந்துவிடுவதை அவர் கண்டார். 4/3 ஐ 16/12 என்றும், 9/8 ஐ 36/32 என்றும் எழுதிப் பாருங்கள். மேலே 3, 4, 5, 6 இன் வர்க்கங்கள். கீழே அவற்றிலிருந்து 4 குறைந்த எண்கள். இப்படி எழுதிப் பார்க்கத் தோன்றியதே அவரது மேதைமை என்பேன். அடுத்த பின்னம் 49/45 என்பதால் ஐந்தாவது கோடும் இருக்கவேண்டுமெனக் கணித்தார். அது ஏற்கனவே அளக்கப்பட்டிருந்ததைப் பாசல் பேராசிரியர் ஹாகன்பாக் சொல்லித்தான் அவர் அறிந்தார். வெண்ணிற விண்மீன்களின் ஒளியில் ஹகின்ஸ் கண்ட ஊதாக் கடந்த கோடுகளும் சூத்திரத்துக்கு இணங்கின. 1885 இல் கட்டுரை வெளிவந்தபோது பாமருக்கு அறுபது வயது.

ஆனால் ஏன் இப்படி? அதற்கு அவரிடம் விடையில்லை. 1898 இல் அவர் காலமானார். ஒளியின் அதிர்வெண்ணையும் சக்தியையும் இணைக்கும் மாறிலியை பிளாங்க் 1900 இல்தான் கொண்டுவந்தார். ஒளியே சக்திப் பொதிகளாக வருகிறது என ஐன்ஸ்ரைன் 1905 இல் வாதிட்டார். 1913 பெப்ரவரியில், அணுவின் அமைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நீல்ஸ் போரிடம், நிறமாலைக் கோடுகளுக்கு உமது விளக்கம் என்னவென்று நண்பர் ஹான்சன் வினவினார். அதன் பின்னரே பாமரின் சூத்திரம் போரின் கவனத்துக்கு வந்தது. கண்ட கணமே யாவும் தெளிவாயிற்று என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. பாமரின் கட்டுரை வெளியான அதே 1885 இல் பிறந்தவர் போர்!

சக்தி அலைநீளத்துக்கு நேர்மாறானது. எனவே 9/5 ஐத் தலைகீழாக்கவேண்டும்: 5/9, அதாவது 1 கழித்தல் 4/9. பெருக்கல் திடீரெனக் கழித்தலாகிவிடுகிறது. இரண்டு சக்திப் படிகளுக்கிடையிலான வேறுபாடே போட்டனாக வெளியேறுகிறது. பாமரின் 3645.6 ஐயும் இதே வழியில் வகுத்தால் 3.40 கிடைக்கும், ஐதரசனின் இரண்டாம் படியிலுள்ள இலத்திரனை அணுவிலிருந்து முற்றாகப் பிடுங்கியெடுக்கத் தேவையான சக்தி அது. அதில் 5/9 பங்கு, சிவப்புக் கோட்டின் 1.89.