சோனாகாச்சி: ஆணுறையை வலியுறுத்தும் வலிமை பிறந்தது எப்படி?

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில், பாலியல் தொழிலாளர்களிடம் சேகரிக்கப்பட்ட ரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டில் மும்பையில் பாலியல் தொழிலாளர்களிடையே தொற்று விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால், நாட்டின் மிகப்பெரிய பாலியல் தொழில் பகுதிகளுள் ஒன்றான கொல்கத்தாவின் சோனாகாச்சியில் அது ஏறத்தாழ 10 சதவீத அளவிலேயே நின்றது. 1992-இல் அங்கு தொடங்கப்பட்ட திட்டம் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது நல்வாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்மரஜித் ஜானா அத்திட்டத்துக்குத் தலைமை வகித்தார். நோயைப் பற்றி விளக்கினால் மட்டும் போதாது என்பது விரைவிலேயே தெளிவானது. ஆணுறை அணியுமாறு ஒரு பெண் வற்புறுத்தினால், வாடிக்கையாளர் அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடுவார். கந்துவட்டிக் கடனில் சிக்கிய பெண்ணால் அந்த இழப்பைத் தாங்க இயலாது. ஆகவே, பாலியல் தொழிலாளர்களே பயிற்சி பெற்று, பச்சை மேலங்கி அணிந்து வீடு வீடாகச் சென்று சக பெண்களிடம் பேசினர். அனைவரும் ஒருமித்து மறுத்தால் வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை என்பதே அவர்களின் எளிய கணக்கு.

1995-இல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற அமைப்பும், உஷா என்ற கூட்டுறவு சங்கமும் உருவாயின. சங்க உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி பதிவுக்குத் தடையாக நின்றது. இல்லத்தரசிகள் எனப் பதிவு செய்துகொள்ள அப்பெண்கள் மறுத்தனர். இறுதியில் மாநில அரசே விதியைத் தளர்த்தியது. கையில் சேமிப்பு இருந்தவரால் ஆணுறையை மறுக்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடிந்தது. தொற்றுத் தடுப்பில் மருந்தகத்துக்கு இணையான பங்கு இந்தக் கூட்டுறவு சங்கத்துக்கும் உண்டு எனலாம்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பாலியல் தொழிலாளர்களுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன. அறிகுறியே இல்லாமலும் பால்வினை நோய்கள் இருக்கக்கூடும் என்பதால் இவை தவிர்க்கக்கூடாதவை. எண்ணெய்ப் பொருட்கள் ரப்பர் ஆணுறையைச் சேதப்படுத்தும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டை அணிவதும் கிழிய வழிவகுக்கும். ஆணுறை கிழிந்தால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

எனினும், நீண்டகாலமாக நீடிப்பது வேறொரு தடை. 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துவதையும், பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதையும் குற்றமாக்குகிறது. இதனால், சோதனைகளின்போது பெண்களிடம் உள்ள ஆணுறைகளே அவர்களுக்கு எதிரான சான்றாகக் காட்டப்படும் நிலை இருந்தது. பிடிபடுவோம் என்று அஞ்சுபவர் அதைக் கையில் வைத்திருக்க மாட்டார். ஆணுறை போன்ற பாதுகாப்பு நடவடிக்கைகளைக் குற்றமாகவோ, குற்றத்துக்கான சான்றாகவோ கருதக்கூடாது என்பது 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் இடம்பெற்ற வழிகாட்டுதல்களுள் ஒன்று.

வாடிக்கையாளரிடம் உறுதியாக நிற்கும் பெண்களும், 'பாபு' என அழைக்கப்படும் நிலையான துணைவரிடம் ஆணுறையை வலியுறுத்தத் தயங்குவதுண்டு. அங்கே அது நம்பிக்கையின்மையின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. எச்ஐவி தொடர்பான ஆலோசனைகளை 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெறலாம்.